கூட்டிப் பார்த்தது யார்? சொத்துக் குவிப்பு வழக்கும் ஒரு பதிமூன்றரைக் கோடியும்

கொள்ளிடக்கரை (இழையைத் தொடங்கியவர்), காலை 7.12

நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். "அப்பா, ஜெயலலிதா குற்றவாளியா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க." தீர்ப்பு வந்த 2014 செப்டம்பரில் அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

'ஆமாம்' என்று ஆரம்பித்தேன். உடனே 'விடுதலை ஆனாரே' என்றாள் என் மனைவி. 'அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே' என்றேன். 'அதற்குள் அவர் இறந்துவிட்டாரே' என்றாள். ரசம் ஆறிப்போனது. ஒரே வார்த்தை கிடைக்கவில்லை.

இங்கே சட்டம் தெரிந்தவர்களும் கணக்கு தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

வாய்தா வக்கீல், காலை 7.50

ஒரே வார்த்தையில் பதில் கிடையாது சார். தேதிகளை வரிசையாகத் தருகிறேன்.

1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை, அதாவது முதல் முறை முதல்வராக இருந்த காலத்தில் சேர்ந்த சொத்துதான் வழக்கு. 1996 ஜூன் 14ல் சுப்பிரமணியன் சுவாமி சென்னை நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை பெங்களூருக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27ல் சிறப்பு நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா நான்கு வருடச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். சசிகலா, சுதாகரன், இளவரசிக்கும் நான்கு வருடம், தலா 10 கோடி அபராதம். 2015 மே 11ல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி எல்லோரையும் விடுவித்தார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜூன் 7ல் வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 5ல் ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரி 14ல் நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் தீர்ப்பு சொன்னார்கள். டி'குன்ஹா தீர்ப்பு சரி, மற்ற மூவரும் சிறைக்குப் போக வேண்டும். முதல் குற்றம்சாட்டப்பட்டவரான ஜெயலலிதா மீதான மேல்முறையீடு மட்டும் அவர் இறந்ததால் அற்றுப்போனது.

ஆகவே உங்கள் மகளுக்கான பதில் இது: அவர் என்ன செய்தார் என்று உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அவருக்கான தண்டனையை உறுதி செய்யவில்லை. 100 கோடி அபராதத்தையாவது வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் போட்ட சீராய்வு மனுவும் 2017 ஏப்ரலில் தள்ளுபடி ஆனது.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதற்கும் சொல்லப்பட்டதற்கும் இடையில் எட்டு மாதம். அதில் ஆறாவது மாதம் முடிகிற நேரத்தில்தான் அவர் இறந்தார். இதை நான் எத்தனை முறை யோசித்தாலும் மனம் ஆறுவதில்லை.

வைகைக்கரை, காலை 8.15

விடிந்ததும் ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த அம்மா தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தார், அம்மா உணவகம் கொண்டுவந்தார், அதற்கெல்லாம் ஒரு இழை போட மாட்டீர்கள். தண்டனைக்கும் விடுதலைக்கும் அப்புறம் 2016ல் ஜனங்கள் மறுபடியும் ஜெயிக்க வைத்தார்களே, அது தீர்ப்பு இல்லையா? தி.மு.க. ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரிக்க சர்க்காரியா கமிஷன் என்று ஒன்று 1976ல் வந்ததே, அதைப் பற்றியும் பேசுவோமா?

திண்ணை (நெறியாளர்), காலை 8.20

பேசலாம் வைகைக்கரை. 'நீ மட்டும் யோக்கியமா' என்ற தொனியில் மட்டும் வேண்டாம்.

பச்சை மை, காலை 9.05

உள்ளாட்சித் தணிக்கையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசியல் பேசவில்லை, கணக்கை மட்டும் பேசுகிறேன். பி.காம். படிக்கிற பெண் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2015ல் விடுதலைத் தீர்ப்பு 919 பக்கம். அன்று சாயங்காலமே இணையத்தில் கிடைத்தது. பழக்கதோஷம், நான் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் படிப்பேன். முடிவு அங்கேதானே இருக்கிறது.

நீதிபதி போட்ட கணக்கு இப்படி. அரசுத் தரப்பு சொன்ன சொத்து 66,44,73,573 ரூபாய். அதில் கட்டடங்களின் மதிப்பும் வளர்ப்பு மகன் சுதாகரனின் கல்யாணச் செலவும் ஊதிப் பெருக்கப்பட்டவை என்று 28,85,71,107 ரூபாயைக் கழித்தார். அரசுத் தரப்பு 27.79 கோடி என்ற கட்டுமானச் செலவை 5.10 கோடி ஆக்கினார். 6.45 கோடி என்ற கல்யாணச் செலவு 28 லட்சத்து 68 ஆயிரமாகச் சுருங்கியது. 1995 செப்டம்பரில் அந்தக் கல்யாணப் பந்தலை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் 28 லட்சம் என்றதும் சிரிப்பார்கள். அது மதிப்பீட்டு விவகாரம், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லலாம். நான் அதற்குள் போகவில்லை.

மிச்சச் சொத்து 37,59,02,466. வருமானம் 34,76,65,654. வித்தியாசம் 2,82,36,812. வருமானத்தில் இது எத்தனை சதவீதம்? 8.12.

ஏன் 8.12 முக்கியம் என்றால், வருமானத்துக்கு மேல் பத்து சதவீதம் வரை இருந்தால் மன்னிக்கலாம் என்று 1977ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் (கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி) சொல்லியிருந்தது. பத்துக்குக் கீழே, ஆகவே விடுதலை.

இப்போது அந்த 34.76 கோடி வருமானத்துக்குள் வாருங்கள். அதில் 'வங்கிக் கடன்' என்று ஒரு தலைப்பு. பத்துக் கடன்களை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டு, மொத்தம் 24,17,31,274 என்று எழுதியிருக்கிறது. நான் கால்குலேட்டரை எடுத்தேன். 10,67,31,274 வந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே எண். பக்கத்தில் இருந்த மருமகனிடம் கொடுத்தேன், அவனுக்கும் அதே.

வித்தியாசம் சரியாக 13 கோடியே 50 லட்சம்.

இதைக் கழித்தால் வருமானம் 21,26,65,654 ஆகிறது. மிகைச் சொத்து 16,32,36,812 ஆகிறது. சதவீதம் 76.7.

8.12 எங்கே, 76.7 எங்கே. ஒரு பஞ்சாயத்து எழுத்தர் ரொக்கப் புத்தகத்தில் இப்படிக் கூட்டியிருந்தால் அன்றைக்கே ஆட்சேபணைக் குறிப்பு எழுதி, எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்போம்.

கொள்ளிடக்கரை, காலை 9.31

ஐயா, மகளிடம் போனைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு 43 சதவீதம்தானே வருகிறது என்கிறாள்.

பச்சை மை, காலை 9.38

16.32 கோடியை 37.59 கோடியால் வகுத்திருப்பாள். சொத்தால் வகுக்கக் கூடாது, வருமானத்தால் வகுக்க வேண்டும். சம்பாதித்தது எவ்வளவு, அதற்கு மேல் வைத்திருப்பது எவ்வளவு என்பதுதானே கேள்வி. 21.26ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஆனால் சரிபார்க்கத் தோன்றியதே, அதற்கு என் வாழ்த்து.

மிளகாய்ப்பொடி, காலை 9.44

13.5 கோடி 'கை தவறி' வரும் என்றால் எனக்கும் அப்படி ஒரு கை வேண்டும்.

வாய்தா வக்கீல், காலை 10.10

பச்சை மை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் பிழையை அரசு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா உடனே வெளியே சொன்னார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக் காட்டியது. ஆனால் அந்தப் பிழை இருந்த தீர்ப்பின் பலத்தில் பன்னிரண்டே நாளில், மே 23ல், அவர் மறுபடி முதல்வர் ஆனார். ஜூன் 27ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். 2016ல் பொதுத்தேர்தல். வைகைக்கரை சொல்கிற ஜனங்களின் தீர்ப்பு வந்தபோது அந்தக் கூட்டலைத் திருத்தச் சொன்ன மேல்முறையீடு டெல்லியில் கிடந்தது.

நீதிபதி வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. என் கேள்வி வேறு. அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் யார்? அரசு வழக்கறிஞர்தானே. அந்த நாற்காலியின் கதையைக் கேளுங்கள். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் அரசுத் தரப்புக்கு நின்றவர் பவானி சிங். அவரை நியமித்தது தமிழ்நாடு அரசு. அதாவது குற்றம்சாட்டப்பட்டவரின் கட்சி நடத்துகிற அரசு. அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் வாதங்கள் முடிந்திருந்தன. கடைசியில் ஆச்சார்யா எழுத்து மூலம் வாதம் கொடுக்க மட்டும் அனுமதி. தீர்ப்பு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது.

ஓசூர் ரோடு, காலை 10.42

2014 தீர்ப்பு நாள் நான் பெங்களூரில் இருந்தேன், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தீர்ப்பு சொன்ன பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தடுப்பு. சனிக்கிழமை. ஊருக்குப் போகக் கிளம்பியவன், பஸ் அத்திப்பள்ளியோடு நின்றுவிட்டது. அங்கேயிருந்து எல்லையை நடந்தே கடந்தோம். ஒரு பெரியவர் கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு கூடவே நடந்து வந்தார். "யாருக்குத் தண்டனைன்னு தெரியலை தம்பி, நடக்கிறது நானு" என்றார். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

எனக்கு அன்றைக்கும் புரியாத ஒரு விஷயம். தமிழ்நாட்டு வழக்கு ஏன் பெங்களூரில் நடந்தது?

வாய்தா வக்கீல், காலை 11.20

இந்த வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

2001ல் ஆட்சி மாறி ஜெயலலிதா மறுபடி வந்தார். அதற்குள் சென்னையில் சாட்சி விசாரணை பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆட்சி மாறியதும், முன்பே சாட்சி சொன்ன 76 பேரை மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட வேண்டும் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பு கேட்டது. அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை. 76 பேரும் திரும்ப வந்தார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள்.

அறுபத்து நான்கு பேர். அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக்கூட அரசுத் தரப்பு முனையவில்லை. புலனாய்வு செய்த லஞ்ச ஒழிப்புத் துறை யாருக்குக் கீழே? மாநில அரசுக்குக் கீழே. அரசு யார்? முதல் குற்றம்சாட்டப்பட்டவர்.

தி.மு.க. பொதுச்செயலாளர் அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18ல் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. மாறியதும் வேகம் பிடித்ததா என்றால் இல்லை. ஆவணங்களும் வாக்குமூலங்களும் தமிழில். மொழிபெயர்க்க வருடக்கணக்கு. மொழிபெயர்ப்பில் பிழை என்று மனு. அதன் மேல் மேல்முறையீடு. நீதிபதிகள் ஓய்வு பெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். 2011 அக்டோபரிலும் நவம்பரிலும் அவர் நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அப்போது மறுபடியும் முதல்வர்.

நெல்லுச்சோறு, காலை 11.35

1,339 கேள்வியா! எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கே அவ்வளவு கேட்பார்கள்.

வைகைக்கரை, காலை 11.52

வக்கீல் சார், நீங்களே சொல்லிவிட்டீர்கள். புகார் கொடுத்தவர் அரசியல் எதிரி. சிறப்பு நீதிமன்றம் அமைத்தது எதிர்க்கட்சி ஆட்சி. வழக்கை மாற்றக் கேட்டவர் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர். அப்புறம் இதற்குப் பெயர் பழிவாங்கல் இல்லாமல் என்ன?

வாய்தா வக்கீல், மதியம் 12.30

பழிவாங்கல்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பகை இல்லாவிட்டால் அந்த 64 பேர் பின்வாங்கியதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வழக்கு 2002லேயே 'சந்தேகத்தின் பலன்' என்று சென்னையில் முடிந்திருக்கும்.

என் மனதை அரிப்பது இதன் மறுபக்கம். நம் ஊரில் பகைதான் கணக்குக் கேட்கிறது. பகை ஆறிப்போனால்? நீங்கள் சொன்ன சர்க்காரியா கமிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தவுடன் இந்திரா காந்தி அரசு அமைத்தது. பூச்சி மருந்து தெளிப்பு, வீராணம் குழாய் என்று பெரிய அறிக்கையே வந்தது. 1980 தேர்தலில் காங்கிரசும் தி.மு.க.வும் கூட்டணி. அந்த அறிக்கையை வைத்து ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. குற்றம் நடந்ததா, இல்லையா என்றே தீர்மானமாகவில்லை. குற்றம் செய்யாதவருக்கும் இது அநியாயம்தானே? ஆயுசுக்கும் 'சர்க்காரியா' என்ற வார்த்தையை மேடையில் கேட்க வேண்டியிருந்தது.

வைகைக்கரை, மதியம் 12.41

இந்தப் பதிவுக்கு மட்டும் ஒரு லைக். மற்றதற்கு இல்லை.

தேன்சிட்டு, மதியம் 1.25

அந்த 64 பேரைப் பற்றி எல்லோரும் சிரிக்கிறீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சி சொல்வது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

என் மாமனார் விவசாயி. பாகப்பிரிவினைக்குப் பிறகு பட்டா மாற்ற விண்ணப்பித்தார். ஏழு மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒரு எழுத்தர் மூவாயிரம் கேட்டார். மாமனாருக்குக் கோபம் வந்தால் நேரே போய் நிற்பவர். லஞ்ச ஒழிப்பு போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்.

அவர்கள் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் எண்களை எழுதிக்கொண்டு, ஒரு வெள்ளைப் பொடியைத் தடவி, மாமனாரின் சட்டைப்பையில் அவர்களே வைத்தார்கள். "கேட்டால் மட்டும் கொடுங்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள்" என்று மூன்று தடவை சொன்னார்களாம். எழுத்தர் கேட்டார், வாங்கினார், மேசை டிராயரில் போட்டார். பின்னாலேயே வந்தவர்கள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மாதிரி ஒரு கரைசலை நீட்டி விரலை நனைக்கச் சொன்னார்கள். ரோஜாப்பூ நிறத்தில் மாறிவிட்டது. மாமனார் இன்றைக்கும் சொல்வார், "ரோஸ் மில்க் மாதிரி இருந்தது, அந்த ஆளைப் பார்க்க எனக்கே பாவமாப் போச்சு."

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அப்புறம்தான் ஆரம்பம். கோர்ட்டுக்கு ஒன்பது தடவை போனார். ஆறு தடவை வாய்தா. பஸ் பிடித்துப் போய், வெளியில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். உறவுக்காரர்களே வந்து, "அவனுக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, விட்டுடுங்க" என்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நாலு வருடம் கழித்துக் கேட்டார்: "பணத்தை இடது கையால் கொடுத்தீர்களா, வலது கையாலா?" மாமனார் வலது என்றார். முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் கை எது என்றே இல்லை. அதை வைத்து அரை மணி நேரம்.

அவர் பின்வாங்கவில்லை. பிடிவாதக்காரர், வேறு காரணம் எதுவும் இல்லை. பட்டா? அது அதே வாரத்தில் மாறிவிட்டது!

மூவாயிரம் ரூபாய் வழக்கிலேயே சாட்சி இந்தப் பாடு படுகிறார். சாட்சிக் கூண்டில் நிற்கிற நேரத்தில் எதிரே இருப்பவர் முதல்வராக வேறு இருந்தால்? அந்த 64 பேரில் அரசு ஊழியர்கள் எத்தனை பேர், பென்ஷனை நினைத்துப் பயந்தவர்கள் எத்தனை பேர்?

பச்சை மை, மதியம் 1.50

தேன்சிட்டு அம்மா, உங்கள் மாமனாருக்கு என் வணக்கம். இடது கையா வலது கையா என்று கேட்டவரிடம் பத்துக் கடனைக் கொடுத்துக் கூட்டச் சொல்லியிருக்கலாம்.

நடுவழி, மதியம் 2.30

இதற்கெல்லாம் தீர்வாகத்தானே 2025 ஆகஸ்டில் 130ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கடுமையான குற்றத்தில் கைதாகி முப்பது நாள் உள்ளே இருந்தால் பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ பதவி போய்விடும். இருபது வருடம் காத்திருக்க வேண்டாமே. எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது.

வாய்தா வக்கீல், மதியம் 3.05

எனக்குப் பயமாக இருக்கிறது. தண்டனைக்குப் பிறகு பதவி போவது வேறு, கைதுக்குப் பிறகு போவது வேறு.

முதலாவது ஏற்கனவே இருக்கிறது. முன்பு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(4) என்று ஒரு சௌகரியம் இருந்தது. தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் ஒட்டிக்கொண்டே இருக்கலாம். லில்லி தாமஸ் என்ற மூத்த வழக்கறிஞர் போட்ட வழக்கில் 2013 ஜூலை 10ல் உச்ச நீதிமன்றம் அதை வெட்டியது. அதைத் தடுக்க மன்மோகன் சிங் அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ராகுல் காந்தி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கிழித்துப் போட வேண்டியதுதான் என்றார், வாபஸ் ஆனது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் 2014ல் ஜெயலலிதாவின் எம்.எல்.ஏ. பதவி அன்றே போயிருக்காது. பதவியில் இருக்கும்போதே அப்படித் தகுதி இழந்த முதல் முதல்வர் அவர்தான். ஒரு வயதான வழக்கறிஞரின் மனு ஒரு மாநில முதல்வரை எழுப்பிவிட்டது.

கைது கதை வேறு. கைது செய்கிற சாவி ஆட்சியில் இருப்பவர் கையில். செந்தில் பாலாஜி 2023 ஜூனில் கைதானார், பதினைந்து மாதம் உள்ளே இருந்தார், 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தது, மூன்றே நாளில் மறுபடி அமைச்சர். உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு 2025 ஏப்ரலில்தான் பதவி விலகினார். அவர் செய்தது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் வழக்கு விசாரணையே முடியாமல் ஒருவரை முப்பது நாள் உள்ளே வைத்துப் பதவியைப் பறிக்கலாம் என்றால், அடுத்து வருகிற ஆட்சி அந்தச் சாவியை யார் மேல் எல்லாம் திருப்பும்?

நடுவழி, மதியம் 3.22

அப்படியானால் இருபது வருடம் காத்திருப்பதுதான் வழியா? இரண்டில் எதைச் சொன்னாலும் வக்கீல்கள் 'ஆனால்' என்கிறீர்கள்.

வாய்தா வக்கீல், மதியம் 3.30

பிழைப்பே அந்த 'ஆனால்'தான் நண்பரே. சரி, விளையாட்டு வேண்டாம். கைதை வேகப்படுத்துவதற்குப் பதில் விசாரணையை வேகப்படுத்த வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் ஆட்சிக்கு வந்த அன்றே வழக்கு தானாக வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும், யாரும் மனு போடத் தேவையில்லாமல். அரசு வழக்கறிஞரை நியமிக்கிற அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்க வேண்டும். இந்த வழக்கில் நடந்த இழப்பில் பாதி இந்த இரண்டாலேயே தவிர்ந்திருக்கும்.

மிளகாய்ப்பொடி, மாலை 4.10

நகையெல்லாம் என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் சந்தேகம்.

ஓசூர் ரோடு, மாலை 4.35

பெங்களூரில் அரசுக் கருவூலத்தில் இருந்தது. 2025 ஜனவரியில் வாரிசுகள் கேட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளியது. பிப்ரவரியில் ஏறக்குறைய 27 கிலோ தங்க நகைகளும், ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலப் பத்திரங்களும் தமிழ்நாடு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு நகையாக எடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டு, எடை போட்டு, வீடியோ எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். 1996ல் போயஸ் தோட்டத்தில் எடுத்தது. டிவியில் அந்த ஒட்டியாணத்தையும் காசு மாலையையும் திரும்பத் திரும்பக் காட்டியது என் வயதுக்காரர்களுக்கு மறக்காது.

பச்சை மை, மாலை 5.15

ஒட்டியாணத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லோரும் கணக்கை விட்டுவிட்டார்கள். அவர் முதல்வராக மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கினார். 1991ல் பதவி ஏற்றபோது அவர்கள் தரப்புச் சொத்து இரண்டு கோடியை ஒட்டி இருந்தது. டி'குன்ஹா எல்லாக் கழிவும் கொடுத்த பிறகும் வருமானம் 9.91 கோடி, அதற்கு மேல் இருந்தது 53.60 கோடி என்று முடித்தார். அவர் மதிப்பீடுகளையும் கண்ணை மூடி ஏற்கவில்லை, கட்டடத்துக்கும் கல்யாணத்துக்கும் அவரும் குறைத்தார். அப்படியும் அவ்வளவு வந்தது.

ஒரு அரசு ஊழியனுக்கு நாங்கள் பயன்படுத்தியதும் இதே சூத்திரம்தான். தொடக்கத்தில் என்ன இருந்தது, முடிவில் என்ன இருக்கிறது, நடுவில் என்ன வந்தது, என்ன செலவு. கழித்தால் மிச்சம் விளக்கம் சொல்ல வேண்டிய தொகை. எழுத்தருக்கும் முதல்வருக்கும் ஒரே சூத்திரம், சுழியங்கள்தான் கூடுதல். ஆனால் எழுத்தரை இந்தச் சூத்திரத்தில் போட்டு முடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆகும். இங்கே 1996 ஜூன் 14ல் புகார், 2017 பிப்ரவரி 14ல் இறுதித் தீர்ப்பு. 21 வருடம் 8 மாதம்.

தேன்சிட்டு, மாலை 5.40

கொள்ளிடக்கரை அண்ணே, கடைசியில் மகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கொள்ளிடக்கரை, இரவு 8.05

இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "ஒரே வார்த்தை கேட்டது என் தப்புதான்" என்றாள். பிறகு தேன்சிட்டு சகோதரியின் மாமனாரைப் பற்றி மட்டும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தருக்குத் தண்டனை கிடைத்ததா என்று கேட்கச் சொன்னாள்.

தேன்சிட்டு, இரவு 8.20

கிடைத்தது. ஒரு வருடம். மேல்முறையீட்டில் இருக்கிறது. அவர் ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார். மாமனார் எப்போதாவது கடைத்தெருவில் அவரைப் பார்ப்பாராம். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்களாம்.

கொள்ளிடக்கரை, இரவு 8.47

பச்சை மை ஐயா, மகள் மறுபடியும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். 1996 ஜூன் 14 முதல் 2017 பிப்ரவரி 14 வரை கூட்டினால் 20 வருடம் 8 மாதம்தான் வருகிறதாம். 21 என்று எழுதியிருக்கிறீர்களாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பச்சை மை, இரவு 8.53

கோபமா? அவள் சொல்வது சரி. விரல்விட்டு எண்ணும்போது 96ஐயும் ஒரு முழு வருடமாகச் சேர்த்துவிட்டேன். பழைய பதிவைத் திருத்தும் நேரம் கடந்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதுகிறேன்: மாலை 5.15 பதிவின் கடைசி வரியில் '21' என்றிருப்பதை '20' என்று திருத்திப் படிக்கவும். பிழை என்னுடையது.